'ஹாய் அப்துல்'... பாதியில் நிற்கும் பெயர்: அர்த்தம் முதல் பாஸ்போர்ட் வரை

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரின் பெயர் அப்துல் காதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயில் ஐடியில் 'அப்துல்' முன்னால் வரும். டீம் சாட்டில் 'ஹாய் அப்துல், வெல்கம்' என்று நாலு பேர் சொல்வார்கள். காபி ஷாப்பில் கப் மேல் 'அப்துல்' என்று எழுதிக் கொடுப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். ஆனால் வீட்டில், தெருவில், பள்ளி நண்பர்களிடத்தில் அவர் 'காதர்'. 'அப்துல்' என்று அவரை அங்கே யாரும் கூப்பிட்டதே இல்லை.

காரணம் ரொம்ப எளிது. அரபு மொழியில் 'அப்துல்' முழுப் பெயரே கிடையாது. சொல்ல வந்த தொடரின் முதல் பாதி, அவ்வளவுதான். தமிழில் சொன்னால், '...உடைய அடியார்' என்று கூப்பிடுவது போல. யாருடைய அடியார் என்பதே காணாமல் போய்விடுகிறது.

இது வெறும் இலக்கணப் பிரச்னை என்றால் விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பெயரை எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பது பாஸ்போர்ட், பான் கார்டு, விசா, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வரை போய் நிற்கிறது.

'அப்துல்' என்றால் என்ன?

இந்தச் சொல்லுக்குள் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. 'அப்து' என்றால் அடியார், ஊழியர், அடிமை. 'அல்' என்பது ஆங்கிலத்தின் 'தி' போன்ற ஒரு முன்னொட்டு. 'அப்து', 'அல்', 'காதிர்' மூன்றும் சேரும்போது 'அப்துல் காதிர்' ஆகிறது. காதிர் என்றால் ஆற்றல் உடையவன். முழுப் பெயரின் பொருள், 'ஆற்றல் உடையவனின் அடியார்'. அந்தக் 'காதிர்'தான் தமிழ்நாட்டில் 'காதர்'.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'அல்' என்பது உண்மையில் பின்னால் வரும் சொல்லோடு சேர்ந்தது. அரபியில் எழுதும்போது 'அப்து' தனியாகவும் 'அல்காதிர்' தனியாகவும்தான் நிற்கும். படிக்கும்போது இரண்டும் ஒட்டி, 'அப்துல் காதிர்' என்று காதில் விழுகிறது. ஆக, 'அப்துல்' என்று வெட்டும்போது அடுத்த சொல்லின் தலையையும் சேர்த்தே வெட்டிவிடுகிறோம்.

தமிழர்களுக்கு இது ஏன் பிடிபடுவதில்லை?

நம்ம ஊரிலும் இதே மாதிரிப் பெயர்கள் ஏராளம். ராமதாஸ், காளிதாஸ், யேசுதாஸ், பாரதிதாசன் என்று எல்லாமே 'இன்னாரின் அடியார்' என்ற அர்த்தம் தருபவைதான். ஆனால் இங்கே 'தாஸ்' கடைசியில் வருகிறது. 'ராமதாஸ்' என்பவரை 'தாஸ்' என்று கூப்பிட்டாலும் அது ஒரு முழுச் சொல். அடியார் என்ற பொருள் அப்படியே நிற்கும்.

அரபியில் வரிசை தலைகீழ். 'அடியார்' முன்னால் வந்துவிடும். யாருடைய அடியார் என்பது பின்னால் வரும். முதல் சொல்லை 'ஃபர்ஸ்ட் நேம்' என்று எடுத்துக்கொள்ளும் ஆங்கிலப் பழக்கத்தில் அந்தப் பின்பாதிதான் விடுபடுகிறது. பெயரின் அடையாளமே அந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது.

பின்னால் யார் வருவார்?

'அப்துல்' என்பதற்குப் பின் வருவது பெரும்பாலும் இறைவனின் பண்புப் பெயர்களில் ஒன்று. இஸ்லாமிய மரபில் இறைவனுக்கு 99 அழகிய பெயர்கள் என்று சொல்வார்கள். கரீம் என்றால் கொடையாளன். ஹமீது என்றால் புகழுக்குரியவன். கஃபூர் என்றால் மன்னிப்பவன். ரஜாக் என்றால் உணவளிப்பவன். அஜீஸ் என்றால் வல்லமை மிக்கவன். ஹக்கீம் என்றால் ஞானம் மிக்கவன். இவற்றில் எதன் முன்னால் 'அப்துல்' சேர்த்தாலும் ஒரு பெயர் கிடைக்கும்.

ஒரே வகுப்பில் அப்துல் கரீம், அப்துல் ஹமீது, அப்துல் கஃபூர் என்று மூன்று மாணவர்கள் இருந்தால், மூவரையும் 'அப்துல்' என்று கூப்பிடும் ஆசிரியருக்கு ஒரே நேரத்தில் மூன்று 'பிரசன்ட் சார்' கிடைக்கும்.

'அப்துல்லா' மட்டும் வேறு கதை. அது 'அப்து' என்பதும் 'அல்லாஹ்' என்பதும் சேர்ந்த முழுப் பெயர். 'இறைவனின் அடியார்' என்று பொருள் முடிந்துவிடுகிறது. அதனால் 'அப்துல்லா' என்று ஒருவரைக் கூப்பிடுவதில் குறையே இல்லை. அதையே செல்லமாகச் சுருக்கி 'அப்துல்' என்றால் மறுபடியும் பாதிதான்.

இஸ்லாத்துக்கு முன்பே இருந்த வழக்கம்

இந்தப் பெயரமைப்பு இஸ்லாத்தோடு பிறந்தது அல்ல. நபிகள் நாயகத்தின் தந்தை பெயர் அப்துல்லா. தாத்தா பெயர் அப்துல் முத்தலிப். இருவரும் நபித்துவத்துக்கு முந்தைய காலத்தவர்கள். அந்நாளைய அரபுகளிடம் 'அப்து ஷம்ஸ்', அதாவது 'சூரியனின் அடியார்' என்ற பெயரும் இருந்தது. இஸ்லாம் வந்த பிறகு, அடியார் என்ற சொல் இறைவனுக்கு மட்டுமே உரியது என்று ஆனது. பெயர்களில் இறைவனுக்கு மிகவும் விருப்பமானவை அப்துல்லாவும் அப்துர் ரஹ்மானும் என்று நபிமொழித் தொகுப்பு ஒன்று குறிப்பிடுகிறது. உலகம் முழுக்க இந்த இரு பெயர்களும் இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எபிரேய மொழியிலும் இதன் உறவுக்காரப் பெயர் உண்டு. பைபிளில் வரும் 'ஒபதியா' என்ற பெயருக்கு 'கர்த்தரின் ஊழியர்' என்று பொருள். அதன் வேரும் அரபு 'அப்து'வின் வேரும் ஒன்றுதான். அரபு பேசும் கிறிஸ்தவர்களிடம் 'அப்துல் மஸீஹ்', அதாவது 'மெசியாவின் அடியார்' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அமெரிக்கப் பாடகி பௌலா அப்துலின் தந்தை சிரியாவைச் சேர்ந்த யூதர். அந்தக் குடும்பத்தில் 'அப்துல்' மட்டுமே தனியாக நின்று சர்நேம் ஆகிவிட்டது.

அப்துல் சலாமா, அப்துஸ் சலாமா?

இரண்டும் ஒரே பெயர்தான். அரபியில் 28 எழுத்துகள். அவற்றில் 14 எழுத்துகளுக்கு முன்னால் 'அல்' வந்தால் 'ல்' ஓசை மறைந்து, அடுத்த எழுத்தின் ஓசையாகவே மாறிவிடும். எழுதும்போது 'ல்' இருக்கும், படிக்கும்போது இருக்காது.

அதனால்தான் ரஹ்மான் சேரும்போது 'அப்துர் ரஹ்மான்' என்றும், சலாம் சேரும்போது 'அப்துஸ் சலாம்' என்றும், நாசர் சேரும்போது 'அப்துன் நாசர்' என்றும் ஆகிறது. காதர், கரீம், ஹமீது, மஜீது, அஜீஸ், ஜப்பார் போன்றவற்றில் 'அப்துல்' அப்படியே நிற்கும்.

1979ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற பாகிஸ்தான் விஞ்ஞானியின் பெயர் உச்சரிப்பின்படி 'அப்துஸ் சலாம்' என்றே எழுதப்படுகிறது. இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் அவர் தொடங்கிய ஆய்வு மையமும் அதே எழுத்துக்கூட்டலில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழில் எழுத்தைப் பின்பற்றி எழுதும் வழக்கமும் உண்டு. 1999ல் 'ஆலாபனை'க்காக சாகித்ய அகாடமி விருது பெற்ற கவிக்கோ, தன் பெயரை 'அப்துல் ரகுமான்' என்றே எழுதினார். இரண்டும் சரிதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். இதைப் பிறகு பார்க்கலாம்.

சீதக்காதிக்குள் ஒளிந்திருக்கும் அப்துல் காதர்

தமிழ்நாட்டில் 'காதர்' என்ற பெயர் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இரண்டு பெரியவர்கள் காரணம். ஒருவர், 12ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த ஞானி அப்துல் காதிர் ஜீலானி. 'முஹ்யித்தீன்', அதாவது 'மார்க்கத்துக்கு உயிரூட்டியவர்' என்பது அவருடைய சிறப்புப் பெயர். நம்ம ஊர் முகைதீன், மொகிதீன், மைதீன் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். முகைதீன் அப்துல் காதர் என்று இரண்டையும் சேர்த்து வைப்பதும் இங்கே சகஜம்.

இன்னொருவர் நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது. அவருடைய இயற்பெயரும் அப்துல் காதிர்தான். 'காதிர் வலி' என்றும் அவரைச் சொல்வார்கள். நாகூருக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைக்குக் காதர், ஷாகுல் ஹமீது, நாகூர் மீரான் என்று பெயர் வைக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது.

'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். விஜய் சேதுபதி நடித்து 2018ல் வந்த படத்துக்கும் அந்தப் பெயர்தான். 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வணிகர், வள்ளல். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர். அவர் பெயர் செய்கு அப்துல் காதிர். தமிழ் நாக்கில் உருண்டு உருண்டு அது 'சீதக்காதி' ஆகிவிட்டது. 'அப்துல்' கரைந்துபோனாலும் 'காதி' மிஞ்சியது. வாய்வழக்கில் பெயர் தேயும்போதுகூட மக்கள் கைவிடாமல் வைத்துக்கொண்டது பின்பாதியைத்தான்.

அப்துல் கலாமும் அபுல் கலாமும்

பொது அறிவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் அபுல் கலாம் ஆசாத். 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர் அப்துல் கலாம். ஓர் எழுத்தில் அர்த்தமே மாறிவிடும்.

'அபு' என்றால் தந்தை. 'கலாம்' என்றால் பேச்சு, சொல். 'அபுல் கலாம்' என்றால் 'சொல்லின் தந்தை', அதாவது நாவன்மை மிக்கவர். 'அப்துல் கலாம்' என்பதில் வருவது 'அப்து', அடியார். 99 பெயர்களின் வழக்கமான பட்டியலில் 'கலாம்' இல்லை. ஆனால் பேசுதல் இறைவனின் பண்புகளில் ஒன்று என்பது இஸ்லாமிய இறையியலின் கருத்து.

அவருடைய இனிஷியலான 'ஏ.பி.ஜே.'க்கு விரிவு அவுல் பகீர் ஜைனுலாப்தீன். ஜைனுலாப்தீன் அவருடைய தந்தை. அந்தப் பெயருக்கு 'வணங்குவோரின் அணிகலன்' என்று பொருள். 'வணங்குவோர்' என்பதற்கான 'ஆபிதீன்' என்ற சொல்லும், அடியார் என்பதற்கான 'அப்து'வும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. தந்தை பெயரிலும் மகன் பெயரிலும் அதே வேர்.

ராமேஸ்வரத்தில் பிறந்த இந்த மனிதரை நாடு முழுக்கச் சுருக்கமாகக் 'கலாம்' என்றே அழைத்தார்கள். அது சரியான இடத்தில் வெட்டிய சுருக்கம்.

பாஸ்போர்ட்டில் எங்கே வெட்டுவது?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அப்புறம் சொந்தப் பெயர். பாஸ்போர்ட் விண்ணப்பமோ 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. முருகன் என்பவர் அப்பா பெயரை சர்நேம் ஆக்கிக்கொள்வார். அப்துல் காதருக்கு மட்டும், பெயரிலேயே இரண்டு சொல் இருப்பதால், ஒன்றை இங்கும் இன்னொன்றை அங்கும் போட்டுவிடலாம் என்று தோன்றும். விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர்களும் அப்படியே போட்டுவிடுவது உண்டு.

விளைவு? கிவன் நேம் 'அப்துல்', சர்நேம் 'காதர்'. போர்டிங் பாஸில் 'காதர்/அப்துல்' என்று வரும். அவருடைய தம்பி அப்துல் ரஹீமும் இதே மாதிரி எழுதியிருந்தால், உடன்பிறந்த இருவருக்கும் ஒரே முதல் பெயர், வேறு வேறு குடும்பப் பெயர். இருவரும் அண்ணன் தம்பி என்று வெளிநாட்டு அதிகாரி ஒருவருக்கு எப்படிப் புரியும்?

சர்நேம் கட்டத்தைக் காலியாக விடுவதிலும் தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில், சர்நேம் இல்லாதவரின் ஒற்றைப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று வரும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது.

பெயர் உடையாமல் இருக்க எளிய வழி, இரண்டு சொல்லையும் ஒரே கட்டத்தில் வைப்பதுதான். தந்தை பெயர் முகமது யூசுப் என்றால், கிவன் நேம் 'அப்துல் காதர்', சர்நேம் 'முகமது யூசுப்'. இன்னொரு வழி, இடைவெளியே இல்லாமல் 'அப்துல்காதர்' என்று ஒரே சொல்லாக எழுதுவது. அரபு நாடுகளில் அப்துல்அஜீஸ், அப்துல்ரஹ்மான் என்று சேர்த்து எழுதுவது வழக்கம்தான். 1971ல் பெயரை மாற்றிக்கொண்ட அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல்-ஜப்பார் நடுவில் ஒரு சிறு கோடு போட்டுக்கொண்டார். சர்நேமை மட்டும் எழுதும்போதும் அந்நாட்டுப் பத்திரிகைகள் 'அப்துல்-ஜப்பார்' என்று முழுசாகத்தான் எழுதுகின்றன.

எழுத்துக்கூட்டல் என்ற இன்னொரு தலைவலி

'காதர்' என்பதை ஆங்கிலத்தில் 'கே'யில் தொடங்கலாம், 'க்யூ'வில் தொடங்கலாம், 'கே'க்குப் பின் ஓர் 'ஹெச்' சேர்க்கலாம். இலங்கையில் 'சி'யில் தொடங்குவதும் உண்டு. 'அப்துல்', 'அப்துர்', 'அப்துஸ்' வேறு. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று என்று ஆகிவிட்டால், பான்-ஆதார் இணைப்பு முதல் பி.எஃப். பணம் எடுப்பது வரை 'பெயர் பொருந்தவில்லை' என்று வந்து நிற்கும்.

ஏற்கனவே எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி இருந்தால், அது இலக்கணப்படி தவறாக இருந்தாலும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். ஆவணங்களைப் பொறுத்தவரை ஒற்றுமைதான் முக்கியம். ஒன்றுக்கொன்று மாறி இருந்தால், ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துவது நல்லது. பெயரையே மாற்ற வேண்டியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடும் முறை இருக்கிறது. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையிடம் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

புதிதாகப் பெயர் வைக்கப்போகும் பெற்றோருக்கு இது இன்னும் முக்கியம். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். பிறப்பைப் பதிவு செய்து 12 மாதங்களுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஆக, அவசரம் இல்லை. சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா, ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய நேரம் இருக்கிறது.

பின்பாதியை மட்டும் சொல்லலாமா?

'அப்துல்' வேண்டாம், சரி. 'ரஹ்மான்' என்று மட்டும் கூப்பிடலாமா? இங்கே மார்க்க அறிஞர்களிடையே ஒரு வேறுபாடு பார்க்கப்படுகிறது. கரீம், ரஹீம், ஹக்கீம் போன்ற பண்புகளை மனிதர்களுக்கும் சொல்லலாம். 'ரஹ்மான்' போன்ற சில, இறைவனுக்கு மட்டுமே உரியவை. அவற்றை 'அப்து' இல்லாமல் சொல்லக் கூடாது என்பது பலருடைய கருத்து. அதனால் சில வீடுகளில் 'அப்துர் ரஹ்மான்' என்று முழுசாகக் கூப்பிடுவதை வலியுறுத்துவார்கள். நடைமுறையில் ரஹ்மான், ரஜாக் என்று சுருக்கிக் கூப்பிடும் வீடுகளும் நிறைய. ஏ.ஆர்.ரஹ்மானின் பெயரில் 'அப்து' இல்லை. அது 'அல்லா ரக்கா ரஹ்மான்'.

பெயரே முத்திரையாகும்போது

'அப்துல்' என்ற சொல்லுக்கு இன்னொரு பயன்பாடும் வந்துவிட்டது. வட இந்திய சமூக ஊடகங்களில் முஸ்லிம் ஆண்கள் எல்லோரையும் சேர்த்துக் கேலியாகவோ வெறுப்பாகவோ குறிக்க 'அப்துல்' என்று எழுதும் போக்கு இருக்கிறது. மீம்களில் வரும் அந்த 'அப்துல்'லுக்குப் பின்னால் கரீமும் இல்லை, ஹமீதும் இல்லை. பின்பாதியை எடுத்துவிட்டால் ஆளே இல்லாமல் போய்விடுகிறார். கூட்டத்தின் முத்திரை மட்டும் மிஞ்சுகிறது. தன் பெயரை முழுசாகச் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டால், அதை வெறும் உச்சரிப்புத் திருத்தமாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ எப்படித்தான் கூப்பிடுவது?

'அப்துல்'னு கூப்பிட்டால் பரவாயில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வருடக்கணக்காகப் பழகி, அதையே தன் பெயராக ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அது அவரவர் விருப்பம். 'காதர் பாய்' என்று கூப்பிடும் பழக்கம் கடைத்தெருவுக்குப் பொருந்தும். அலுவலகத்தில் 'பாய்' என்பதை விரும்பாதவர்களும் உண்டு. எனவே ஊகம் வேண்டாம். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும், அப்துல் காதரா, காதரா?" என்று முதல் நாளே கேட்டுவிடலாம். அலுவலக ஐடி உருவாக்கும் ஹெச்.ஆர். பிரிவும் அதையே கேட்டுவிட்டு டைப் செய்தால், மெயில் ஐடியிலேயே பெயர் உடையாமல் இருக்கும்.